அட்டைச் சிரிப்பு

"பன்னண்டு பேருன்னு இப்பதான சொல்லிட்டுப் போனீங்க கண்ணு, மறுபடியும் என்ன?" என்றாள் பார் கல்லாவில் நின்ற மோரீன், கோப்பையைத் துடைப்பதை நிறுத்தாமல்.

கார்ல் அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தான். பின்னால் கதவு இன்னும் ஆடி அடங்கவில்லை.

"நான் எங்க சொன்னேன்? மார்ச் கடைசி சனிக்கிழமை, ஸ்டாக் நைட்டுக்குப் பெரிய மேசை வேணும். பதினொரு பேர்."

"கால் மணி நேரம் முன்னாடி இதே இடத்துல நின்னீங்களே. எத்தனை பேருன்னு கேட்டேன். வாயைத் திறக்கல, பத்து விரலையும் விரிச்சுக் காட்டி, அப்புறம் ரெண்டு விரல். சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தீங்க. தரையைப் பாருங்க, இப்பதான் துடைச்சேன்."

"மழையே இல்லையே."

"அதான் நானும் பாத்தேன். கண்ணாடி போடலேன்னா எனக்குப் பாதி தெரியாது, ஆனா உங்க முகம்தான். நல்லா சிரிச்ச முகம்." அவள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். "அந்தச் சிரிப்பு மட்டும் மாறவே இல்ல."

கார்ல் ஏதோ சொல்லிச் சமாளித்தான். நண்பர்களில் எவனோ விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டான். இந்தக் கூட்டத்தில் அது ஒன்றும் புதிதல்ல. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையை பார் பாராக இழுத்துக்கொண்டு திரியும் அந்த ஒரு ராத்திரிக்காக வருடம் முழுக்கக் காத்திருப்பவர்கள் அவர்கள். பதினொன்று என்று நோட்டில் திருத்தி எழுத வைத்துவிட்டு வெளியே வந்தான்.

பிப்ரவரி கடைசி. மணி ஐந்தைத் தாண்டவில்லை, அதற்குள் டைன் நதிக்கரையில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கடலிலிருந்து ஓதம் ஏறிக்கொண்டிருந்ததால் ஆறு வழக்கம்போலத் திரும்பி ஓடியது. சேறும் டீசலும் ஊறிய கயிறுமாகக் கலந்து ஒரு வாடை, மூக்கில் ஏறி இறங்க மறுத்தது. பெரிய பாலத்தின் இரும்பு விளிம்புகளில் கிட்டிவேக் பறவைகள் கடலிலிருந்து திரும்பி வந்து கூடு பிடிக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அவை கத்துவது அசல் மனுஷக் குரல்தான். யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுவதாகவே கேட்கும். நியூகாசில்காரர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கார்லுக்கு மட்டும் மூன்று வருடமாக அந்தச் சத்தம் ஆகாது.

மூன்று வருடத்துக்கு முன் நடந்தது அவனுடைய ஸ்டாக் நைட். இதே கரை, இதே பறவைகள் வந்திறங்கிய மாதம். மாப்பிள்ளைத் தோழன் ரோரி. முதல் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவன், பிறகு எழுந்து போகவேயில்லை. கார்ல் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு போட்டோவைப் பெரிதாக்கி, அட்டையில் அச்சடித்து, கண்ணுக்கு ஓட்டை போட்டு, எலாஸ்டிக் கட்டிப் பதினொரு முகமூடி செய்துகொண்டு வந்தான் ரோரி. மாப்பிள்ளையின் முகத்தை எல்லாரும் மாட்டிக்கொண்டு திரிவது இந்த ஊரில் வழக்கம்தான். பதினொரு கார்ல்கள் நடுவில் நிஜக் கார்ல் தள்ளாடிக்கொண்டு போனான். அவ்வளவு சிரித்த நாள் அவன் வாழ்க்கையில் வேறு இல்லை.

மூன்றாவது பாரில்தான் கார்லுக்குத் தன் ஜாக்கெட்டை இரண்டாவது பாரில் விட்டுவந்தது ஞாபகம் வந்தது. "தோழன் வேலை அதுதான, போய் எடுத்துட்டு வாடா" என்றான் ரோரியின் காதருகே. ரோரி முகமூடியை நெற்றிக்குமேல் தூக்கிவிட்டு, ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனான். கொஞ்ச நேரம் கழித்து கார்லின் போன் அடித்தது. திரையில் ரோரியின் பெயர். கார்ல் நிமிர்ந்து மேசையைச் சுற்றி எண்ணினான். பதினொரு முகமூடி. எல்லாரும் இருக்கிறார்கள், ரோரியும் திரும்பிவிட்டான். எதிரே உட்கார்ந்துகொண்டே போன் பண்ணுகிறான் கோமாளி என்று நினைத்து, விரலை ஆட்டிச் சிரித்துவிட்டு, போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தான். இன்னும் இரண்டு தடவை அது மேசைமேல் அதிர்ந்து ஓய்ந்தது.

கடைசியில் முகமூடிகளைக் கழற்றியபோது பத்து பேர்தான் இருந்தார்கள்.

பத்து மணி வரை ரோரி எங்களோடுதான் இருந்தான் என்று கார்ல் போலீசிடம் சொன்னான். அப்போது அதை அவனே நம்பினான். பத்து மணிக்கு அவர்கள் ஆற்றங்கரையை விட்டு மேலே ஏறியிருந்தார்கள்; அதனால் மேட்டுத் தெருக்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் தேடினார்கள். நாலாம் நாள் ஆறே ரோரியைக் கொண்டுவந்து விட்டது. அட்டை கரைந்துபோயிருந்தது, கழுத்தில் எலாஸ்டிக் மட்டும். விபத்து என்று முடித்தார்கள், யாரும் மேலே தோண்டவில்லை. அந்த மூன்று அழைப்புகளை கார்ல் போனிலிருந்து அழித்தான். பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை. ரோரியின் தம்பி லூயிஸ் அடக்கத்தன்று இவன் தோளில் விழுந்து, "கடைசி வரைக்கும் உங்ககூட சிரிச்சுக்கிட்டு இருந்தான்ல, எனக்கு அது போதும்" என்று அழுதான். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது?

இப்போது லூயிஸுக்குக் கல்யாணம். "அண்ணன் இருந்தா அவன்தான் தோழன். அவன் இல்ல, அதனால நீதான்" என்று சொல்லிவிட்டான். ஏற்பாடெல்லாம் கார்ல் தலையில். முகமூடி மட்டும் கிடையாது என்று அவன் அடித்துச் சொன்னதற்கு வாட்ஸ்அப் குழுவில், "தாத்தாவுக்கு மூட்டு வலி, விட்டுடுங்க" என்று நாள் முழுக்கக் கலாய்த்தார்கள். கலாய்க்கட்டும். இன்றைக்கு மூன்று பாரையும் பேசி முடித்துவிட்டு, கடைசிப் பாரில் லூயிஸைப் பார்ப்பதாக ஏற்பாடு. அங்கே உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். தோழனாக நிற்பதற்கு முன் சொல்லியாக வேண்டும். அவன் அடித்தாலும் சரி, முகத்தில் முழிக்காதே என்றாலும் சரி.

இரண்டாவது பாரின் வாசலில் ஈரக் காலடிகள் இருந்தன. உள்ளே போன தடம். வெளியே வந்த தடம். இரண்டும் இவன் பூட்ஸின் அளவுதான். அவன் கால் வைத்துப் பார்க்கவில்லை, பார்க்காமலே தெரிந்தது.

கல்லாவில் நின்ற தாடிக்காரன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "என்ன பாஸ், ஜாக்கெட் பத்தலையா?"

"எந்த ஜாக்கெட்?"

"இப்ப வாங்கிட்டுப் போனீங்களே. பழுப்புத் தோல் ஜாக்கெட். நான் இங்க வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியிருந்து விட்டுட்டுப்போன சாமான் அலமாரியில கெடந்துச்சு. நீங்க கையை நீட்டுனதும் அதுதான்னு எடுத்துக் குடுத்தேன்." தாடிக்காரன் குரலைத் தாழ்த்தினான். "அந்த முகமூடி செம. ஆனா ஊறிப்போச்சு பாஸ், வேற ஒண்ணு அடிச்சுக்கங்க. தாடைப் பக்கம் உரிஞ்சு தொங்குது."

கார்ல் மேசைக்குச் சொல்ல வந்ததையே மறந்துவிட்டு வெளியே வந்தான். விளையாட்டு இல்லை. அந்த ஜாக்கெட் விஷயம் அவனுக்கும் ரோரிக்கும் மட்டும்தான் தெரியும். ரோரி அதை எடுக்கத்தான் போனான். எடுக்காமலே போய்விட்டான். இப்போது எடுத்துவிட்டான்.

பயத்தைவிட முதலில் வந்தது அழுகைதான். ரோட்டோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இவ்வளவு நாள் கழித்தும் சொன்ன வேலையை முடிக்க வந்திருக்கிறானே, பாவி.

போன் அடித்தது. தூக்கிவாரிப்போட்டது. லூயிஸ்.

"கார்ல், எங்கப்பா இருக்க? நான் வந்து அரை மணி நேரமாச்சு. மாடியில, ஜன்னலோரம் உக்காந்திருக்கேன். ஆத்துப் பக்கம் பாத்துக்கிட்டே வா, தெரிவேன்."

"இதோ. அஞ்சு நிமிஷம்."

"ஏய், இரு. ஒண்ணு கேக்கணும். நேர்ல கேட்டா அழுதுருவேன், அதான்." லூயிஸ் தொண்டையைச் செருமினான். "கல்யாணத்தன்னிக்கு அண்ணனப் பத்தி ரெண்டு வார்த்தை பேசலாம்னு இருக்கேன். அன்னிக்கு, கடைசியில, அவன் சந்தோஷமாத்தான இருந்தான்? நீ பக்கத்துலயே இருந்தல்ல?"

சொல்ல வேண்டிய வார்த்தைகள் எல்லாம் கார்லின் வாய்க்குள்ளேயே இருந்தன. மூன்று தடவை கூப்பிட்டான்டா, நான் எடுக்கல. அவ்வளவுதான். தலைக்கு மேலே பறவைகள் பேர் சொல்லிக் கத்தின.

"சந்தோஷமாத்தான்டா இருந்தான்," என்றான். "சிரிச்சுக்கிட்டேதான் இருந்தான்."

"அது போதும்பா. சீக்கிரம் வா."

போனைப் பைக்குள் போட்டான். தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. கொஞ்ச தூரம் நடந்தான்.

கரைச்சுவரில் ஒரு திறப்பு இருந்தது. அங்கிருந்து பாசி பிடித்த கல்படிகள் தண்ணீருக்குள் இறங்கின. சுவரோரமாக ஒரு துருப்பிடித்த சங்கிலி. அன்றைக்கு ரோரி ஜாக்கெட் எடுக்க நடந்த வழி இது; அந்தப் படிகளை அவன் எப்போதும் எதிர்ப்பக்கமாய் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கடப்பான். இன்று திருப்ப முடியவில்லை. மூன்றாம் படியில் அவனுடைய பழுப்பு ஜாக்கெட் கிடந்தது. மடித்து வைத்தபடி. ஜாக்கெட்டின் ஒரு கை மட்டும் கீழே நீண்டு தண்ணீருக்குள் போயிருந்தது.

விட்டுவிட்டுப் போயிருக்கலாம். லூயிஸ் இருக்கும் பார் முப்பதடி தூரம்தான், மாடி ஜன்னலின் மஞ்சள் வெளிச்சம் தண்ணீர்மேல் விழுந்து ஆடியது.

இறங்கினான். ஒரு படி. இரண்டு. குனிந்து ஜாக்கெட்டை எடுத்தான். வரவில்லை. கனத்தது.

கீழே எதுவோ அந்தக் கையைப் பிடித்திருந்தது.

இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தது. மூழ்குகிறவன் பிடிப்பதுபோல.

"ரோரி," என்றான். "டேய். நான் எண்ணிப் பாத்தேன்டா. எல்லாரும் இருந்தீங்க. சத்தியமா பதினொண்ணு இருந்துச்சு."

தண்ணீர் படியில் ஏறி அவன் பூட்ஸை நனைத்தது. மேலே ஒரு பறவை கத்தியது. கீழேயும் ஒன்று கத்தியது.

அன்றைக்குப் பிடிக்காத கையை இன்றைக்காவது பிடிக்க வேண்டும் என்று தோன்றியது. வேறொன்றும் தோன்றவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, பலங்கொண்ட மட்டும் இழுத்தான்.

சட்டென்று பிடி விட்டது. பாசி. கால். வானம்.

குளிர்.

மேலே வந்தபோது மூச்சே வரவில்லை. சட்டையும் பூட்ஸும் கீழே இழுத்தன. ஜாக்கெட் கையில் இல்லை. ஓதம் அவனைப் படியிலிருந்து ஒதுக்கிச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனது. கை எதையோ தொட்டது. சங்கிலி. பிடித்தான்.

கத்தினான். பறவைகளும் கத்தின. மேலே ரோட்டில் யாரோ சிரித்துக்கொண்டே போனார்கள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

போன். பையில். விரல்கள் விறைத்துவிட்டன. எப்படியோ எடுத்தான். திரை எரிந்தது. கடைசியாகப் பேசிய பெயர்மேல் கட்டைவிரல் பட்டது. லூயிஸ். போதும். லூயிஸ் போதும். மணி அடிக்கிறது.

ஜன்னலைப் பார்த்தான். லூயிஸ் தெரிந்தான். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு எதிரே ஒருவன் உட்கார்ந்திருந்தான். பழுப்புத் தோல் ஜாக்கெட். அதற்கு மேலே கார்லின் முகம். அட்டை. பல்லெல்லாம் தெரிந்தது.

லூயிஸ் போனை எடுத்துப் பார்த்தான். எதிரே இருப்பவனைப் பார்த்தான். திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டி, விரலை ஆட்டினான்.

"எடுடா," என்றான் கார்ல். வாய்க்குள் தண்ணீர். "லூயிஸ். எடு."

மணி நின்றது. மறுபடி அழுத்தினான். நின்றது. மறுபடி.

லூயிஸ் சிரித்துக்கொண்டே போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தான்.

எதிரே இருந்த முகம் மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பியது. கீழே, தண்ணீரைப் பார்த்தது. தாடைப் பக்கம் உரிந்து தொங்கியது. சிரிப்பு மாறவில்லை.

கார்லின் விரல்கள் ஒவ்வொன்றாகச் சங்கிலியை விட்டன. அவன் எண்ணினான். ஜன்னலில் இரண்டு பேர். வர வேண்டியவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள்.