வண்டிக்குத் தைத்த சட்டை

வண்டி இரண்டாவது தடவையாக அதே வளைவில் நின்றுவிட்டது.

"ஊசி எங்க நிக்குது, மிளகு?" என்று கேட்டார் அம்மா.

"சிவப்பையும் தாண்டிடுச்சும்மா."

அம்மா எஞ்சினை அணைத்தார். கருகின எண்ணெய் வாடை மூக்கைத் துளைத்தது. அம்மா, மாமா, மிளகு மூவரும் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்கள்.

மிளகு என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. ஆள் சின்னது, காரம் பெரிசு என்று அப்பா வைத்த பெயர். இப்போது அவளுக்குப் பத்து வயது. காரம் அப்படியேதான் இருக்கிறது. அப்பாதான் இல்லை. போன வருடம் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை.

இந்த வண்டி அப்பாவுடையது. அம்மா பிறப்பதற்கும் முன்னால் செய்த வண்டி. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். கல்லோ சேறோ, எதுவானாலும் ஒரு கை பார்த்துவிடும். மலைமேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கிறது. சனிக்கிழமை தவறாமல் அப்பா அங்கே மருந்துப் பெட்டிகளைக் கொண்டுபோவார். வேறு எந்த வண்டியும் அந்தப் பாதையில் ஏறாது. அப்பா போன பிறகு, மேலே இருக்கும் நர்ஸம்மாதான் பாவம், நடந்தே இறங்கி வந்து பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு ஏறினார்.

வண்டியோ கொட்டகையில் கிடந்தது. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியது. அம்மாவின் தம்பி, அதாவது மிளகின் மாமா, ஒரு மெக்கானிக். எட்டு மாதம் அவர் வேறு வேலையே பார்க்கவில்லை என்று சொல்லலாம். மூவரும் சேர்ந்து துருவைச் சுரண்டினார்கள், பிரேக்கை மாற்றினார்கள், கதவுகளுக்கு நீலச் சாயம் அடித்தார்கள். மிளகின் விரல் நகத்தில் அந்த நீலம் இன்னும் போகவில்லை.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மலை ஏறும்போது மட்டும் கியர்பெட்டி கொதித்தது.

"இந்த வண்டியில கியர் தானா மாறும்" என்று மாமா முன்பே சொல்லியிருந்தார். "அதுக்குள்ள எண்ணெய் ஓடிக்கிட்டே இருக்கணும். எண்ணெய் ரொம்பச் சூடானா கியர் வழுக்கும். அப்புறம் எஞ்சின் என்னதான் கத்தினாலும் சக்கரம் இழுக்காது."

அதற்காகவே அவர் வண்டியின் முன்னால் ஒரு கூலர் வைத்திருந்தார். மெல்லிய தகடுகள் அடுக்கிய சின்னப் பெட்டி. சூடான எண்ணெய் குழாய் வழியாக அங்கே வரும், எதிர்க்காற்றில் ஆறும், திரும்பிப் போகும். எண்ணெயின் சூட்டைக் காட்டும் ஊசியைப் பார்த்துச் சொல்வது மிளகின் வேலை.

அன்றைக்கு வண்டி நின்றதும் அம்மா பக்கத்து ஓடையில் முகம் கழுவப் போனார். மாமா மெதுவாக வண்டியின் முன்பக்கம் போனார். இப்படியும் அப்படியும் பார்த்தார். கூலரை மூடிக் கட்டியிருந்த முரட்டுக் கித்தான் துணியின் இரண்டு முடிச்சுகளை அவிழ்த்து, துணியைத் தூக்கிப் பிடித்தார். கூலரிலிருந்து அனல் குப்பென்று வெளியே வந்தது. அம்மாவின் காலடிச் சத்தம் கேட்டதோ இல்லையோ, சட்டென்று துணியைக் கட்டிவிட்டு, ஒன்றுமே தெரியாதவர்போல் தலையைச் சொறிந்தார்.

மிளகு எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

"பம்ப்தான் கோளாறுன்னு நினைக்கிறேங்க்கா" என்றார் மாமா.

"போன வாரம் குழாய்னு சொன்னியே?"

"அதுவும் இருக்கலாம்..."

அம்மா மலையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். "அடுத்த சனிக்கிழமையும் ஏறலைன்னா, பழைய இரும்புக்காரர வரச் சொல்லிடுடா. ஒவ்வொரு தடவை இங்க நிக்கும்போதும் அவரைத் திரும்பப் பறிகொடுக்கிற மாதிரி இருக்கு. என்னால முடியல."

வீட்டுக்கு வந்ததும் மிளகு மாமாவைக் கொட்டகை மூலையில் மடக்கினாள்.

"துணிதானே மாமா? காத்து உள்ளயே போகல."

"ஷ்! மெதுவா!" மாமாவின் முகத்தில் ஈ ஆடவில்லை. "முன்பக்க இரும்பு கிரில் துருப்பிடிச்சு உதிர்ந்துபோச்சு. கல்லும் சேறும் தெறிச்சா கூலர் தகடு நசுங்கிடும்னு உங்கம்மாவே அந்தத் துணியைத் தைச்சாங்க. உங்கப்பா மருந்துப் பெட்டிக்கு மேல போத்துற கித்தான் அது. அவர் போனதுக்கப்புறம் அக்கா தையல் மெஷின்லயே உக்காரல. முதல் முதல்ல உக்காந்து தைச்சதே இதுதான். அதைப் போயி கழட்டுன்னு நான் எந்த வாயால சொல்றது? வேற வழி பாக்கலாம். நீ வாயைத் திறக்காதே."

மிளகு தலையை ஆட்டினாள். ஆனால், ரகசியம் அவளுக்கு ஒத்தே வராது. வாரம் முழுக்க அதையே யோசித்தாள். சொன்னால் அம்மா மனசு உடையும். சொல்லாவிட்டால் வண்டி போய்விடும். வண்டி போனாலும் அம்மா மனசுதான் உடையும். எப்படிச் சுற்றி வந்தாலும் அங்கேயே வந்து நின்றது.

மாமா பம்பை மாற்றினார். குழாயையும் மாற்றினார். துணியின் பக்கம் திரும்பவே இல்லை.

சனிக்கிழமை காலை. பெட்டிகள் ஏற்றியாகிவிட்டது. அம்மா துணியின் முடிச்சுகளை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். மிளகு பக்கத்தில் போய் நின்றாள்.

"அம்மா, எனக்குச் சட்டை தைக்கும்போது மொதல்ல என்ன பார்ப்ப?"

"இப்ப எதுக்குடி அது? கழுத்தளவு பார்ப்பேன். கழுத்து பிடிச்சா மூச்சு முட்டும்ல."

"வண்டிச் சட்டைக்கு நீ கழுத்தே வைக்கலம்மா. அதுக்கு மூச்சு முட்டுது."

அம்மாவின் கை அப்படியே நின்றது. உள்ளங்கையைத் துணிக்கும் கூலருக்கும் நடுவில் நுழைத்துப் பார்த்தார். பிறகு மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாமா கையிலிருந்த ஸ்பானரை, ஏதோ அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குத் தெரியுமாடா?"

"...தெரியுங்க்கா."

"எப்போலேர்ந்து?"

"மொத நாளே."

"அடப்பாவி! ஒரு துணிக்காக அவர் வண்டியையே இரும்புக்குத் தூக்கிக் குடுக்க இருந்தேனே!"

"நீ வருத்தப்படுவியோன்னு..."

"வருத்தந்தான்டா. ஒரு வருஷமா வருத்தந்தான். அதுக்காக ஆளாளுக்கு என்கிட்ட மறைப்பீங்களா? இவ ஒருத்திதான் என்னைத் தையல்காரியா நினைச்சுப் பேசியிருக்கா."

அம்மா உட்கார்ந்து அழவில்லை. முடிச்சுகளை அவிழ்த்து, துணியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார்.

மேஜையில் துணியை விரித்து, சாக்கட்டியால் ஒரு நீள்சதுரம் போட்டார். கத்தரிக்கோலை எடுத்தவர், வெட்டாமல் துணியைத் தடவிப் பார்த்தார். துணியில் அப்பா கட்டிய கயிற்றின் தடம் இன்னும் இருந்தது.

மிளகு துணியின் ஓரத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "நான் பிடிச்சிருக்கேன், நகராது. நீ வெட்டும்மா."

அம்மா வெட்டினார். ஓரங்களை மடித்து அடித்தார். ஜன்னலுக்குக் கட்டியதில் மிஞ்சிய முரட்டு நைலான் வலையை அந்த இடத்தில் வைத்து, கல் வந்தால் தாங்கும், காற்று வந்தால் போகும் என்று இரட்டைத் தையல் போட்டார். மெஷின் கடகடவென்று ஓடியது. வாசலில் நின்ற மாமா சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசி" என்றார். யாரும் அவரைக் கேட்கவே இல்லை.

ஒரு மணி நேரத்தில் கிளம்பினார்கள். முதல் வளைவு, இரண்டாம் வளைவு. பாதை செங்குத்தாக ஆனது.

"ஊசி?"

"ஏறுதும்மா."

மாமா கையைப் பிசைந்தார். வண்டி நின்றுபோன அந்த வளைவு வந்தது.

"ஊசி, மிளகு?"

"சிவப்புக்குக் கிட்ட... இல்லம்மா, ஊசி நின்னுடுச்சு. அதுக்கு மேல ஏறல! போம்மா, போ!"

அம்மா ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. சக்கரங்கள் கல்லைப் பற்றி இழுத்தன. வளைவு பின்னால் போய்விட்டது. மாமா வாய்விட்டுச் சிரித்தார்.

மேலே ஆஸ்பத்திரி வாசலுக்கு நர்ஸம்மா ஓடியே வந்துவிட்டார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டதும் ஒரு நொடி யார் வருகிறார்கள் என்று நினைத்தாரோ, ஓட்டுநர் இருக்கையைப் பார்த்துத் தயங்கி நின்றார். அப்புறம் கிட்டே வந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த சனிக்கிழமையும் வருவீங்களா?"

"இனிமே எல்லாச் சனிக்கிழமையும் வருவோம்" என்றார் அம்மா.

பெட்டிகளை இறக்கினார்கள். கிளம்பும்போது அம்மா சாவியை மாமாவிடம் நீட்டினார்.

"இறங்கும்போது நீ ஓட்டுடா. நான் கொஞ்சம் அழணும்."

மாமா சாவியை வாங்கிக்கொண்டார். மிளகு நடுவில் ஏறி உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு வழி முழுக்க அம்மா அழுதார், யாரும் தூசி என்று சொல்லவில்லை.