சைப்ரஸ் நிழலில் பாசி

கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பாசி எடுக்கத் தாம்பாளத்தோடு பக்கத்து லாட்ஜ் தோட்டத்துக்குள் நுழைந்த லீமா அப்படியே நின்றுவிட்டாள். வருஷா வருஷம் அவள் பெயர்த்தெடுக்கும் பாசி மொத்தமும் சுரண்டப்பட்டு, வெறும் மண்மேல் சுண்ணாம்பு தூவிக் கிடந்தது. மண்வெட்டியோடு ஒருவன் நிமிர்ந்தான். தூறலில் நனைந்த இமைகள்... நல்ல கண்கள்தான். அதற்காகக் கோபம் குறைந்துவிடுமா?

"யாரைக் கேட்டுச் சுரண்டுனீங்க?"

"லாட்ஜ்காரரைக் கேட்டுத்தாங்க. கோடை சீசனுக்குள்ள இங்க புல்லு வந்துட்டா, அவரோட பூம்பாறைத் தோட்டத்துக்கு என்னைய மேஸ்திரியாப் போடுறாராம்."

"அப்ப சர்ச் குடிலுக்கு? சுண்ணாம்பையா பரப்புறது?"

"பனி பெஞ்ச மாதிரி இருக்குமுல்ல..."

அவன் முன்னால் சிரித்துவிடக் கூடாதென்று விறுவிறுவென நடந்தாள். வீட்டுக்குள் போய்த்தான் சிரித்தாள்.

மறுநாள் வெள்ளனே அவள் வாசலில் ஈரச்சாக்கில் சுருட்டிய பாசி இருந்தது. பள்ளங்கி ஓடைப் பாறையில் எடுத்ததாம். கொண்டு வந்த மண்வெட்டிக்காரன் பெயர் எல்வின்.

அதற்கப்புறம் லீமாவுக்கு வேலியோரமாக எப்போதும் ஏதாவது சோலி இருந்தது. அவன் இறுகிப்போன மண்ணைக் கொத்தினான், எரு போட்டான், நிழல் தாங்கும் புல்லாகப் பார்த்து நட்டான். என்ன செய்து என்ன... ஒரு மழை பெய்தால் புல் வெளிறிப்போய்ப் பாசி திரும்ப வந்துவிடும். லீமா வீட்டு சைப்ரஸ் மரத்தின் பெரிய கிளை ஒன்று வேலி தாண்டி வந்து வெயிலை மறைத்துக்கொண்டிருந்தது.

அந்தக் கிளையை வெட்ட எல்வின் அவள் அப்பா பரமானந்தத்திடம் அனுமதி கேட்டான். எல்லைத் தகராறில் லாட்ஜ்காரரோடு பேச்சுவார்த்தையே இல்லாதவர் அவர். "எம் மரத்துல யாரும் கை வைக்கக் கூடாது" என்று கதவைச் சாத்திவிட்டார். அன்று ராத்திரி லீமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒரு மரத்துக்காகவா தாயி பட்டினி கெடக்க?"

"மரத்துக்காக இல்லப்பா."

பரமானந்தம் மகளை உற்றுப் பார்த்தார். சோற்றுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தி, "வெட்டிக்கிரச் சொல்லு" என்றார்.

சொல்லியும் எல்வின் வெட்டவில்லை. ஏப்ரலும் வந்துவிட்டது. லாட்ஜ்காரர் வேறு ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டதும் லீமா வேலிக்கு ஓடினாள்.

"அப்பாதான் சரின்னுட்டாரே... இன்னும் ஏங்க வெட்டல?"

அவன் தரையைப் பார்த்தான். "வெட்டுனா வெயில் விழும். புல்லு பிடிச்சுக்கிரும். நான் பூம்பாறைக்குப் போயிருவேன்."

"போகத்தான இவ்வளவு பாடுபட்டீங்க?"

"அது உங்களைப் பாக்குறதுக்கு முன்னாடி. இப்ப போகப் பிடிக்கலைங்க... உங்களைத்தான் பிடிச்சிருக்கு."

லீமா எத்தனை நாளாகக் காத்திருந்த வார்த்தை... சந்தோஷமாக இருந்தது, அவன் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போலவும் இருந்தது.

"கையில இருக்குற வேலையையும் விட்டுட்டு வந்து நின்னா, எங்கப்பா எப்படிங்க பொண்ணு தருவாரு? வெரசா வெட்டுங்க."

எல்வின் மெல்ல நிமிர்ந்தான். "ஏணி வேணுமே..."

"எங்க வீட்டுல இருக்கு" என்றாள் லீமா. "அப்பாவும் வீட்டுலதான் இருக்காரு."