குறுக்கே கிடந்த அட்டை

ரபேல் கட்டிலில் குறுக்காகப் படுத்திருந்தான்.

மழை வரப்போகிறதென்று கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு படுக்கையறைக்குள் வந்த கத்தரின், வாசலிலேயே நின்று புருஷனைப் பார்த்தாள். தலை இடப்பக்கச் சுவரை ஒட்டியிருந்தது. முழங்காலுக்குக் கீழே கால்கள் கட்டிலைத் தாண்டி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தன, மடங்காமல், தொங்காமல். கைகள் இரண்டும் விலாவோடு ஒட்டியிருந்தன. பத்தொன்பது வருடமாக இந்த மனுஷன் தலையணையைக் கட்டிக்கொண்டு குப்புறக் கவிழ்ந்து, முக்கால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு குறட்டை விடுவதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். இன்றைக்கு யாரோ அளந்து வைத்த மாதிரி கிடந்தான். செனாய் ஊர்த் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடித்து எட்டரைக்கு வந்து படுத்தவன். அசதி, வேறென்ன என்று சிரித்துக்கொண்டாள். துணியைக் கீழே போட்டுவிட்டு, தோளைப் பிடித்து இழுத்து, காலைத் தள்ளி, மூச்சு வாங்க அவனை நேராக்கினாள். அவன் முனகக்கூட இல்லை.

மணி மூன்று ஆகியிருந்தது, மகள் ஸ்டெஃபனி டியூஷனிலிருந்து இன்னும் வரவில்லை. தம்போய் குடியிருப்பின் கூரைகளுக்கு மேல் வானம் கறுத்து, வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. சாப்பாட்டு மேசைதான் அவளுடைய ஆபீஸ். கைப்பேசியில் ஆடும் ஓர் அட்டை விளையாட்டு, அட்டைகள் ஒன்றையொன்று அடித்து வீழ்த்தும்; அதை ஆடுகிறவர்கள் அனுப்பும் புகார்களுக்கு வீட்டிலிருந்தே தமிழிலும் மலாயிலும் பதில் எழுதுவது வேலை. பதினோரு மாதமாகச் செய்கிறாள், இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆட வேண்டிய அவசியமும் இல்லை. கேட்கிறவர்கள் கேட்பதெல்லாம் ஒரே பத்துக் கேள்விதான், அவற்றுக்கு மேலிடம் எழுதிக்கொடுத்த பத்துப் பதில்களும் விசைப்பலகையின் மேல்வரிசைப் பொத்தான்களில் இருந்தன. பொத்தானை அழுத்தினால் பதில் போய்விடும், டிக்கெட் என்று ஆபீஸில் சொல்லும் அந்தப் புகார் மூடிக்கொள்ளும். பாதி டிக்கெட்டுகளை அவள் முழுதாகப் படிப்பதே இல்லை.

அடுத்த டிக்கெட் தமிழில் இருந்தது. "முன்னால் நிற்கும் அட்டைக்கு உறக்கம் போட்டேன். மூன்று முறை நாணயம் சுண்டியாயிற்று. மூன்றும் பூ. இன்னும் தூங்குகிறது. சரிதானா?"

இதற்குப் பதில் அவளுக்கு மனப்பாடம். உறக்கம், முடக்கம், குழப்பம், விஷம், தீக்காயம் என்று அட்டைக்கு வரும் கேடுகள் ஐந்து. உறங்கும் அட்டையால் அடிக்க முடியாது, நகர முடியாது. ஆடுகிறவர்களின் முறை மாறும்போதெல்லாம் ஒரு நாணயம் சுண்டப்படும். தலை விழுந்தால் விழிக்கும், பூ விழுந்தால் உறக்கம் தொடரும். மூன்றாம் பொத்தானை அழுத்தினாள். "இது பிழை அல்ல. எல்லாம் விதிப்படியே நடக்கிறது." டிக்கெட் மூடிக்கொண்டது.

படுக்கையறையில் ஒரு நாணயம் தரையில் விழுந்து, சுழன்று, சுழன்று, படிந்தது.

அவன் கால்சட்டைப் பையிலிருந்து விழுந்திருக்கும் என்று நினைத்தாள். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது அறைந்த சத்தத்தில் மற்றதெல்லாம் மறைந்துபோனது, மேசை விசிறியின் கிறீச்சுகூடக் கேட்கவில்லை. ஈரச் சிமெண்டின் வாடை ஜன்னல் வழியாக வந்தது. அதோடு இன்னொரு வாடையும் இருந்தது. புது அட்டைப் பெட்டியைப் பிரிக்கும்போது வருமே, பசையும் மையும் கலந்து, அது. வீட்டில் அப்படி எதையும் யாரும் பிரிக்கவில்லை.

மூடிய டிக்கெட் திரும்பத் திறந்தது.

"அதை நேராக்கியது யார்? உறங்கும் அட்டை இடப்பக்கம் சாய்ந்துதான் கிடக்க வேண்டும். திருப்பி வைத்துவிட்டேன். இனி தொட வேண்டாம்."

கத்தரின் இரண்டு முறை படித்தாள். யாரோ விளையாடுகிறார்கள், ஸ்கூல் லீவு ஆரம்பித்துவிட்டது, பையன்களுக்கு வேலையில்லை. இப்படிச் சொல்லிக்கொண்டேதான் எழுந்து போனாள். ஆனால் நடக்கும்போது உள்ளங்கால் கூசியது, தன் வீட்டில் நடக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

ரபேல் குறுக்காகக் கிடந்தான். அதே இடம். தலை சுவரோடு, கால்கள் அந்தரத்தில்.

"என்னங்க. எந்திரிங்க. ரபேல்!"

உலுக்கினாள். கன்னத்தில் தட்டினாள். தண்ணீரை முகத்தில் அடித்தாள், இமை துடிக்கவில்லை. மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். மறுமுனையில் பேசிய பெண் நிதானமாக முகவரி கேட்டாள், வண்டி கிளம்பிவிட்டது என்றாள், மழையில் சாலை அடைத்துக் கிடப்பதால் முக்கால் மணி நேரமாவது ஆகும் என்றாள். கத்தரின் மண்டியிட்டுக் கட்டிலுக்கடியில் பார்த்தாள். நாணயம் எதுவும் இல்லை. தலையைத் தூக்கவில்லை, அதற்குள் மறுபடி சத்தம். காதுக்குப் பக்கத்தில். விழுந்து, சுழன்று, படிந்தது. பார்க்க ஒன்றுமே இல்லாத தரையில்.

ஓடி வந்து மேசையைப் பிடித்துக்கொண்டாள். டிக்கெட்டில் ஒரு படம் வந்திருந்தது. பொன்னிறச் சட்டத்துக்குள் அவர்களுடைய படுக்கையறை; அவர்கள் கட்டில்; கட்டிலில் ரபேல், இடப்பக்கம் சாய்த்து வைக்கப்பட்டு. உயிர்ப்புள்ளி முப்பது என்று மூலையில் எழுதியிருந்தது. கீழ்வரிசையில் சின்னதாக இன்னும் இரண்டு அட்டைகள் இருந்தன. அவளுக்கு அந்த முப்பதை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

"நாலாவதும் ஐந்தாவதும் பூ. விஷமும் சேர்த்துவிட்டேன். உறக்கத்தோடு விஷம் நிற்கும்தானே?"

நிற்கும். அது அவளுக்குத் தெரியும். விஷத்துக்கு நாணயம் கிடையாது. முறைக்குப் பத்துப் புள்ளி, கேள்வி இல்லாமல் போகும்.

எண் இருபதானது. உள்ளே ரபேல் இருமினான், ஒரே ஒரு தடவை, தொண்டையில் ஏதோ அடைத்தது போல. போய்ப் பார்த்தபோது அவன் நகங்கள் நாவல்பழ நிறத்தில் இருந்தன.

மேலதிகாரி குகநாதனைக் கூப்பிட்டாள்.

"சார், இந்தப் பிளேயரை பிளாக் பண்ணுங்க சார். இப்பவே. என் ஹஸ்பண்ட வெச்சு..."

"கத்தரின், மெதுவா சொல்லுங்க. லைன் தெளிவா இல்ல. என்ன கேக்குறாரு அவரு?"

"தூக்கமும் விஷமும் ஒண்ணா போட்டிருக்கான் சார்."

"அலமாக், இதுக்கா போன் பண்ணீங்க? பெஞ்சுக்கு மாத்துனா எல்லாம் போயிடும்னு சொல்லிட்டு குளோஸ் பண்ணுங்க லா. அஞ்சு மணிக்கு ரிப்போர்ட் குடுக்கணும்."

வைத்துவிட்டார்.

பெஞ்ச். ஏன் தனக்கு அது தோன்றவில்லை? முன்னால் நிற்கும் அட்டையைக் கீழே இருக்கும் பின்வரிசைக்கு எடுத்துவிட்டால் அதன் மேலிருக்கும் கேடெல்லாம் அந்தக் கணமே நீங்கிவிடும். அதற்குப் பதிலாக இன்னொன்று முன்னால் வர வேண்டும், அவ்வளவுதான். வரட்டும். நானே வருகிறேன் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் துளி தயக்கமும் இல்லை. ரபேல் எழுந்தால் போதும், பிறகு எனக்கு எது வந்தாலும் வரட்டும். விதியைச் சொல்லி, அதன் கீழே தன் பெயரை எழுதிவிட வேண்டும்.

எண் பத்தானது.

விரல் தானாகப் போனது. பதினோரு மாதப் பழக்கம். ஏழாம் பொத்தான்.

"அட்டையைப் பெஞ்சுக்கு மாற்றினால் எல்லாக் கேடுகளும் நீங்கும். எந்த அட்டை முன்னால் வர வேண்டும் என்று குறிப்பிடாவிட்டால், இடப்பக்கம் முதலில் இருப்பது தானாக வரும். நன்றி."

பதில் போய்விட்டது. டிக்கெட் மூடிக்கொண்டது. பெயரை எழுதுவதற்கு இடமே இல்லாமல் போயிற்று.

"கத்தரின்," உள்ளேயிருந்து ரபேலின் குரல். தூக்கம் கலைந்த கரகரப்பு. "டீ இருக்கா? ஏன் என் மூஞ்சியெல்லாம் ஈரமா இருக்கு?"

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "தோ வரேங்க," என்றாள். ஓட நினைத்தவள் திரையைப் பார்த்துவிட்டாள். படம் இன்னும் அங்கே இருந்தது. கீழ்வரிசையின் இரண்டு அட்டைகளை இப்போதுதான் சரியாகப் பார்த்தாள். வலப்பக்கம் அவளே, இதே மேசையில், இதே சட்டையில். இடப்பக்கத்து முதல் இடத்தில் இப்போது ரபேல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். முன்னால் வேறு அட்டை நின்றது. முதுகில் டியூஷன் பை. கையில் நனைந்த குடை.

இரும்புக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"ஸ்டெஃபனி!"

வாசலையொட்டிய கார் கொட்டகைக்குள்கூட மகள் வரவில்லை. முற்றத்தில், கொட்டும் மழையில், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாலையைப் பார்த்து நின்றாள். பதினேழு வயது. நிமிர்ந்து, கைகள் விலாவோடு. குடை காலடியில் கிடந்தது.

"என்னடி பண்ற? உள்ள வா!"

"முடியலமா." அவள் திரும்பவில்லை. "முன்னாடி நிக்கணுமாம்."

"யாருடி சொன்னது?"

"எதுத்தாப்ல இருக்காங்களே. உங்களுக்குத் தெரியலையா?"

சாலையில் மழை மட்டும்தான்.

கத்தரின் பாய்ந்தாள். வாசற்படியில் கால் நின்றுவிட்டது. தடுத்த கை எதுவும் இல்லை, கால்தான் வரவில்லை. பின்னாலிருந்து ஓடிவந்த ரபேலும் அவளுக்கு இடப்பக்கத்தில் வந்து அப்படியே நின்றான். இழுத்துப் பார்த்தான், உதறிப் பார்த்தான், மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினான். இருவரும் பின்வரிசை அட்டைகள் போல வாசலில் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள், பத்தடி தூரத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு.

"அம்மா," என்றாள் ஸ்டெஃபனி. குரல் சின்னக் குழந்தையின் குரலாக இருந்தது. "அவங்க முறையாம்."

மழை நிற்கவில்லை. தொப்பலாக நனைந்த அவளுடைய வெள்ளைச் சட்டையின் இடது தோளில் ஒரு பழுப்பு வட்டம் தோன்றி, மெல்லப் பெரிதாகி, ஓரம் கறுத்து, புகையத் தொடங்கியது.