வெங்காய வயலில் ஒரு ஹெல்மெட்

காலை ஏழு மணி. காவல் நிலையத்தில் டெலிபோன் அலறியது.

இன்ஸ்பெக்டர் டீ கிளாஸைக் கீழே வைக்காமலேயே ரிசீவரை எடுத்தாள்.

"மேடம்... எண்ணெய்க் கம்பெனி மேனேஜர் பேசறேன். எங்க இன்ஜினியரைக் கொன்னுட்டாங்க."

"பாடி எங்க இருக்கு?"

"பாடி இல்லை. ஹெல்மெட்தான் இருக்கு. ரத்தத்தோட."

"ஹெல்மெட்டுக்கெல்லாம் போஸ்ட்மார்ட்டம் பண்ண முடியாது சார். இருங்க, வர்றேன்."

ஜீப்பில் கிளம்பினாள். கூடவே ஏட்டு. முதலில் தன் தொப்பையை ஏற்றிவிட்டு, பிறகு தானும் ஏறிக்கொண்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் கம்பெனியின் இரும்புக் கோபுரம். இந்தப் பக்கம் வெங்காய வயல். நட்ட நடுவில் மஞ்சள் ஹெல்மெட்... விளிம்பில் காய்ந்த ரத்தம்.

மேனேஜர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார்.

"கொன்னது வெங்காயக்காரம்மாதான் மேடம். இந்த நிலத்துக்குச் சொந்தக்காரி. எட்டு மாசமா கையெழுத்துக் கேக்கறோம், போட மாட்டேங்கறா."

"நிலத்தைக் கேட்டீங்களா?"

"நிலம் யாருக்கு வேணும்? அடியில இருக்கிற எண்ணெய்தான் வேணும். ஆனா பத்திரத்துல அதுவும் அவளுக்குத்தான்னு இருக்கு. குழாய் இறக்கினா கிணத்துத் தண்ணி கெட்டுடும்னு பிடிவாதம். 'உங்காளு எவனாவது என் வயல்ல கால் வெச்சா முழுசாத் திரும்ப மாட்டான்'னு போன வாரம் எங்க கேட்டுல நின்னே கத்தினா. ஆங்... இன்ஜினியர்கிட்ட ஒரு கறுப்புப் பை இருந்துச்சு. அது கிடைச்சா உடனே குடுத்துடுங்க."

வயலின் கோடியில் சின்ன வீடு. வெங்காயக்காரம்மாவுக்கு ஐம்பது வயது. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு தனியாள். வாசலில் உட்கார்ந்து வெங்காயத்தின் தாளை அரிந்துகொண்டிருந்தாள். போலீஸைப் பார்த்தும் கத்தி நிற்கவில்லை.

"இன்ஜினியரைத் தெரியுமாம்மா?"

"தெரியும். நல்ல புள்ள. அந்தக் கூட்டத்துலயே பயிரை மிதிக்காம நடக்கத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான்."

"கொன்னீங்களா?"

"அறுவடை நேரம்மா இது. கொலை பண்ண எனக்கு ஏது நேரம்?"

"மேடம்... இங்க பாருங்க."

ஏட்டுதான். வீட்டின் பக்கவாட்டில் துணிக்கொடி. அதில் கம்பெனியின் ஆரஞ்சுச் சீருடை, சொட்டச் சொட்ட.

மேனேஜர் துள்ளினார்.

"பாத்தீங்களா? ரத்தக்கறையைத் துவைச்சிருக்கா. அரெஸ்ட் பண்ணுங்க. அதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள அந்தப் பையைத் தேடுங்க."

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினாள்.

"வந்ததுலேர்ந்து பை, பைங்கறீங்க. ஆள் என்ன ஆனான்னு ஒரு வார்த்தை கேக்கலையே சார்?"

மேனேஜரின் கர்ச்சீப் பாதிக் கழுத்தில் நின்றது.

இன்ஸ்பெக்டர் சீருடையைத் தொட்டுப் பார்த்தாள். மார்பில் மூன்று பட்டன் ஆரஞ்சு. ஒன்று மட்டும் வெள்ளை. புதிதாகத் தைத்தது.

"அம்மா, செத்தவன் சட்டைக்கு யாரும் பட்டன் தைக்க மாட்டாங்க. அவர் எங்க?"

வெங்காயக்காரம்மாவின் கத்தி இப்போதுதான் நின்றது.

"அந்த ஆளு போகட்டும். அப்புறம் சொல்றேன். திரும்ப அடிச்சுடுவாங்கம்மா புள்ளைய..."

"நான் இருக்கேன். யாரும் தொட மாட்டாங்க."

வீட்டை ஒட்டியிருந்த வெங்காயக் கிடங்கின் கதவு தானாகவே திறந்தது. உள்ளிருந்து வந்தான் இன்ஜினியர். தலையில் கட்டு. உடம்பில் செத்துப்போன வீட்டுக்காரரின் தொளதொள சட்டை. கையில் கறுப்புப் பை.

"நானே சொல்றேன் மேடம். எங்க குழாய் அந்தக் கோபுரத்துக்குக் கீழே கொஞ்ச தூரம்தான் நேரா இறங்குது. அப்புறம் வளைஞ்சு, வேலிக்கு அடியில பூந்து, இந்த அம்மா நிலத்துக்குள்ள வந்துடுது. நாலு மாசமா இந்த அம்மாவோட எண்ணெயைக் கம்பெனி திருடுது. எல்லா அளவும் இதுல இருக்கு. நேத்து சாயங்காலம் மேனேஜர்கிட்ட கேட்டேன். வாட்ச்மேனை விட்டு அடிச்சார். தப்பிச்சு ஓடி வந்தேன். ஹெல்மெட் வயல்லயே விழுந்துடுச்சு. அம்மாதான் மறைச்சு வெச்சாங்க."

வெங்காயக்காரம்மா தன் காலடி மண்ணையே பார்த்தாள். எட்டு மாதம் காவல் காத்த மண்.

"கையெழுத்துப் போடலைன்னா தொட முடியாதுன்னு நினைச்சேனே..."

மேனேஜர் பையை நோக்கிப் பாய்ந்தார். ஏட்டு நகரவே இல்லை. தொப்பை மட்டும் குறுக்கே வந்தது. மோதியவர் வெங்காயக் குவியலில் மல்லாந்தார்.

அரைமணி நேரத்தில் கோபுரத்து இயந்திரம் நின்றது. மேனேஜர் விலங்கோடு ஜீப்பில் ஏறினார்.

"என் வக்கீல் யாருன்னு தெரியுமா? ரெண்டே நாள்ல நேரா வெளிய வந்துடுவேன்."

இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தினாள்.

"நேரா வர்ற பழக்கமே உங்களுக்குக் கிடையாதே சார்!"