ரியாஸின் ஸ்பீடு டெஸ்ட்

அப்லோடு தொண்ணூற்றொன்பது, டவுன்லோடு பூஜ்யம். இப்படியொரு முடிவை யுஸ்ரா இதுவரை பார்த்ததில்லை.

போத்தனூரில் ஒரு மாடி அறைதான் அந்தச் சின்ன இன்டர்நெட் கம்பெனி. வாடிக்கையாளர்கள் தங்கள் இணைப்பின் வேகத்தைச் சோதித்துப் பார்க்கும் சர்வர், அவள் முதுகுக்குப் பின்னால், கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டிய இரும்பு அலமாரிக்குள் விடாமல் இரைந்துகொண்டிருந்தது. மழை இருட்டில் பிற்பகல் மூன்று மணிக்கே விளக்கைப் போட்டிருந்தாள்.

சோதித்தது யாரென்று பார்த்தாள். முகமது ரியாஸ். அவள் கணவன். காலையில் பல்லடத்துக்கு லைன் சரிசெய்யப் போனவன், பதினொரு மணியிலிருந்து போனை எடுக்கவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றாள். ஆள் நன்றாகத்தான் இருக்கிறான்.

அவனோடு போயிருந்த வம்சியை மறுபடி அழைத்தாள். இந்த முறை எடுத்தான்.

"அவருகிட்ட குடு வம்சி. இப்பத்தான் டெஸ்ட் போட்டாரு."



"அக்கா... ஆஸ்பத்திரில இருக்கறேனுங்க. கம்பத்துல கரண்ட் பாஞ்சுபோச்சுங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியலீங்க. அண்ணன் பதினொரு மணிக்கே போயிட்டாருங்க."

"பொய் சொல்லாத! இதா, மறுபடியும் போடறாரு!"

"அவரு போனு கருகிப்போச்சுங்கக்கா. என்ர கையிலதான் இருக்குது."

திரையில் புது வரி. ரியாஸ். பிங் நாற்பது. சர்வரைத் தொட்டுத் திரும்ப ஆகும் நேரம் அது. ஆள் நெருங்க நெருங்கக் குறையும்.

இருபத்திரண்டு. ஒன்பது.

போனைக் கீழே போட்டாள். பயத்தைவிட ஆசை பெரிதாக எழுந்தது.

"என்னங்க... நான் இங்கதான் இருக்கேன். வந்துருங்க."

டவுன்லோடு பூஜ்யம். அவள் சொன்ன எதுவும் அவனுக்குப் போய்ச் சேரவில்லை. மற்ற வாடிக்கையாளர்கள் அத்தனை பேரின் இணைப்பையும் ஒவ்வொன்றாகத் துண்டித்தாள். வழி முழுவதும் அவனுக்கே.

டவுன்லோடு ஒன்று.

கேட்டுவிட்டது.

பிங் நான்கு. ஒன்று. பூஜ்யம்.

இரைச்சல் நின்றது. மழைச் சத்தமும் கேட்கவில்லை. முடி கருகும் நாற்றம்.

யுஸ்ரா மெல்லத் திரும்பினாள். அலமாரிக் கண்ணாடி உட்புறமாக ஆவி படிந்து வெளுத்திருந்தது. அந்த வெளுப்பில் பத்து விரல் நுனிகள் அழுந்தியிருந்தன. கரிக்கட்டையாய். நகமில்லாமல். ஒன்று மெல்ல வழுக்கி இறங்க, தோல் மட்டும் கண்ணாடியிலேயே ஒட்டி நின்றது.

அலமாரிப் பூட்டில் சாவி திரும்பிக்கொண்டிருந்தது. திருப்பிக்கொண்டிருந்தது அவளுடைய கைதான்.