முன்னால் போனவர்

பான் நகரில் ரைன் ஆற்றங்கரையை ஒட்டி ஒரு பழைய மாளிகை. இப்போது அது சிறிய அருங்காட்சியகம். தை மாதத்து மந்தாரமான மத்தியானமொன்றில் அம்புறோஸ் அங்கே மேல்மாடி அறைக்குக் காவலாக வந்து சேர்ந்தார். முன்பு நின்ற காவலர் காரணம் எதுவும் சொல்லாமல் வேறு அறை கேட்டுப் போய்விட்டார்.

அறையில் ஒரேயொரு படம்தான். மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலிய ஓவியர் ஒருவர் மண்ணிற மையால் கீறியது. வெளிச்சம் பட்டால் தாள் கெட்டுவிடும் என்று யன்னல்களை மூடி, விளக்கையும் மங்கலாக வைத்திருந்தார்கள். படத்தில் ஒருவன் குகை வாசலில் நின்று திரும்பிப் பார்க்கிறான். அவனுக்குப் பின்னால் ஒரு பெண், கையை நீட்டியபடியே இருளுக்குள் சரிகிறாள்.

பழைய தாள்களைப் பழுது பார்க்கிற தேனுஜாதான் அவருக்குக் கதையைச் சொன்னாள்.

“கிரேக்கப் புராணம் அண்ணை. இவன் பாட்டுக்காரன். செத்துப்போன தன்ர மனுசியைத் தேடிப் பாதாளத்துக்கே போறான். அங்கத்தைத் தெய்வங்கள், கூட்டிக்கொண்டு போ, ஆனா வெளியில போய்ச் சேருமட்டும் திரும்பிப் பாக்கக்கூடாது எண்டு விடுகினம். இவன் பாத்திட்டான்.”

“பாக்காமல் வந்திருந்தா?”

“அவள் தப்பியிருப்பாள்.”

அம்புறோஸ் இருளுக்குள் சரிகிற அந்தப் பெண்ணின் கையையே பார்த்தார்.

தொண்ணூறுகளில் அவரும் பிறேமாவும் போலந்துப் பக்கமிருந்து ஆற்றைக் கடந்துதான் ஜெர்மனிக்குள் வந்தார்கள். கலியாணம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. “முன்னால போறவரின்ர சேட்டைப் பிடியுங்கோ, ஆரும் திரும்பிப் பாக்காதேங்கோ” என்று எல்லை கடத்திவிடுகிற ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். வரிசையில் பிறேமாதான் கடைசி. நெஞ்சளவு குளிர் தண்ணீரில், நடு ஆற்றில், அம்புறோசின் சட்டையைப் பிடித்திருந்த கை விட்டுப்போனது. மற்றக் கையால் பிடிப்பாள் என்று நினைத்து அவர் நடந்தார். கரையேறித்தான் திரும்பினார்.

பின்னால் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

தேனுஜா கதை சொன்ன அன்று பின்னேரம், பூட்டுகிற நேரம். கடைசி ஆளும் போய்விட்டார். விளக்கை நிறுத்தப் போன அம்புறோசின் மூக்கில் சேற்று மணம் அடித்தது. ஆற்றுச் சேறு.

பின்னால் தண்ணீர் சொட்டுகிற சத்தம்.

யாரோ அவருடைய சட்டையை மெல்லப் பிடித்தார்கள்.

“இஞ்சாருங்கோ.”

பிறேமாவுக்குப் பிறகு, முப்பது வருடமாக அவரை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. எதிரே படத்தில் அந்த மனிதன் திரும்பிப் பார்த்தபடியே நின்றான். அம்புறோஸ் திரும்பவில்லை.

“வாரும் பிறேமா,” என்றார் மெதுவாக. “பிடியை விடாதேயும்.”

படியிறங்கினார். ஒவ்வொரு படியிலும் அவருக்குப் பின்னால் ஈரக் காலொன்று பதிந்தது. சட்டையில் பிடி இறுகியது. முதுகில் பனிக்குளிர்.

வாசல் கதவைத் திறந்தார். வெளியே தூறல். கல் முற்றத்தில் இறங்கி, பின்னால் வந்த காலடியும் கல்லில் பதியுமட்டும் காத்திருந்தார்.

பதிந்தது.

அதன் பிறகுதான் திரும்பினார்.

பிறேமா நின்றாள். அதே இளவயது. தலைமயிரிலிருந்து தண்ணீர் வடிந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. அவருடைய நரைத்த தலையையும் சுருக்கம் விழுந்த முகத்தையும் பார்த்தாள். கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

“குறை நினைக்காதேங்கோ ஐயா, என்ர மனுசன் எண்டு நினைச்சிட்டன்,” என்றாள் நடுங்கியபடி. “அவர் இப்பத்தான் முன்னால போனவர். கண்டனீங்களோ?”

நான்தான் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் திறந்த கதவால் திரும்ப உள்ளே போய்விட்டாள். அம்புறோஸ் ஓடிப்போய்ப் பார்த்தார். படிகள் காய்ந்து கிடந்தன.

மறுநாள் தன் வாலிப மகனோடு படம் பார்க்க வந்த ஜெர்மன் பெண்ணொருத்தி, அம்புறோசின் பக்கத்தில் வந்து தயங்கி நின்றாள்.

“கீழே படியில் ஒரு பெண் நனைந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு யாராவது ஒரு போர்வை கொடுக்கக்கூடாதா? வயதானவர்கள் வந்தால் அவள் தலையே நிமிர்த்துவதில்லை. என் மகனைக் கண்டதும்தான் எழுந்து வந்து, முகத்தை உற்றுப் பார்த்தாள்.”