சரியாகப் படித்தால் இரையும் கணினி

"எங்க வீட்டு கம்ப்யூட்டருக்கு என் குரல் பிடிக்கலைன்னு நினைக்கிறேன் சார்" என்றார் அந்தப் பெண், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

எதிரே இருந்தவரைத் தெருவில் எல்லோரும் நிதானம் என்றுதான் அழைப்பார்கள். கணினிகள் ஏன் முரண்டு பிடிக்கின்றன என்று விசாரித்துச் சொல்வது அவர் தொழில். வீடு தீப்பிடித்துவிட்டது என்று யாராவது ஓடி வந்தாலும், எந்த அறையில், எப்போதிலிருந்து என்று கேட்கக்கூடிய மனிதர்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் அவருடைய உதவியாளர். அதாவது மாமனார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இருந்தால் மகள் வெங்காயம் உரிக்கச் சொல்கிறாள் என்பதால் மாப்பிள்ளையிடம் வந்து சேர்ந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல மாப்பிள்ளைக்குத் தைரியம் வரவில்லை. வாழ்க்கையில் நிதானம் பயந்தது இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

"பிடிக்கலைன்னா எப்படிம்மா காட்டுது?" என்று கேட்டார் நிதானம்.

அந்தப் பெண் ஒலிப்புத்தகங்களுக்கு வாசிப்பவர். அக்கம்பக்கத்தில் குரல்காரம்மா என்று பெயர். வீட்டிலேயே ஓர் அறையில் மைக்கை வைத்துக்கொண்டு பதிவு செய்து அனுப்புகிறார்.

"படிக்க ஆரம்பிச்சு கொஞ்ச நேரம் நல்லாத்தான் இருக்கும். அப்புறம் உள்ளே ஃபேன் சுத்த ஆரம்பிக்கும் பாருங்க, காது அடைச்சுப் போகும். அந்தச் சத்தம் அப்படியே பதிவாயிடுது. 'கதாநாயகி அழுவுறப்போ பின்னால ஏன் மிக்ஸி ஓடுது'ன்னு கம்பெனியில கேக்கறாங்க. நாளைக்குக் கடைசி அத்தியாயம் கொடுக்கணும். அதுலயும் இரைச்சல் வந்தா மொத்தப் புத்தகத்தையும் வேற ஒருத்தர்கிட்ட கொடுத்துடுவாங்களாம்." அப்போதுதான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "சின்னச் சின்ன வேலையா செஞ்சு செஞ்சு, இப்பதான் சார் ஒரு முழு நாவல் என் கைக்கு வந்திருக்கு."

"பிராசஸருக்கு வேலை கூடினா அது சூடாகும். சூடானா ஃபேன் சுத்தும்" என்றார் நிதானம். "அதனால ஃபேன் மேல தப்பு இல்லை. பின்னால யாரோ வேலை வாங்குறாங்க. யாருன்னுதான் பாக்கணும். ரிப்பேர்காரர் வந்து பாத்தாரா?"

"ரெண்டு தடவை வந்தார். அவர் வந்து தொட்டாலே அது பூனை மாதிரி அடங்கிடுது. தூசி துடைச்சிட்டுக் காசு வாங்கிட்டுப் போயிட்டார்."

"எந்த அத்தியாயமாவது சுத்தமா வந்திருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு. அதுதான் சார் எனக்கு அழுகையா வருது. அன்னிக்கு எனக்கு ஜலதோஷம். வரிக்கு ஒரு தும்மல். ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, அழிச்சு, திரும்பப் படிச்சேன். அந்த அத்தியாயம் கண்ணாடி மாதிரி வந்திருக்கு. ஒரு தப்பும் இல்லாம ஒரே மூச்சுல படிச்சதெல்லாம் இரைச்சல்."

"அப்போ தும்மிக்கிட்டே படிச்சிடுங்க" என்றார் மாமனார். "மூக்குப்பொடி வேணும்னா நான் தர்றேன்."

நிதானம் அதைக் கேட்காதது போல இருந்தார். "தும்மல் வராத நாள்ல கை எங்கே இருக்கும்?"

"மடியில. வளையல் சத்தம் மைக்ல விழுந்துடும்னு கையைக் கட்டிக்கிட்டுத்தான் படிப்பேன்." பிறகு தயங்கிச் சொன்னார்: "எனக்கு என் கொழுந்தன் மேலதான் சந்தேகம். நான் இல்லாதப்போ அதுலதான் சீட்டு விளையாடுவான். ஏதோ ஒண்ணை உள்ளே இறக்கி விட்டிருக்கான்னு நேத்து வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போயிட்டான். இன்னும் பேசலை."

"கொழுந்தன்!" என்று மாமனார் எழுந்தேவிட்டார். "மாப்பிள்ளை, கேஸ் முடிஞ்சுது."

"உக்காருங்க மாமா" என்றார் நிதானம்.

*

குரல்காரம்மாவின் அறையில் சுவரெல்லாம் போர்வை தொங்கியது. மைக்குக்கு ஒரு பழைய காலுறை மாட்டியிருந்தது. புத்தகம் நிற்கும் தாங்கி, ஒரு தண்ணீர்ச் செம்பு, மேசைக்கடியில் கணினி. அது இப்போது பரம சாதுவாக இருந்தது.

மாமனார் தரையில் மண்டியிட்டு அதன் பின்புறத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். பல வருடம் பெஞ்சுக்கடியில் தேடிய பழக்கம் அவரை விடவில்லை.

கூடத்தில் குரல்காரம்மாவின் மாமியார் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். "பெரிய வேலையா என்ன? அவ சும்மா உக்காந்து படிக்கிறதுதானே" என்றார் நிதானத்திடம். "ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி. அந்த ரூம்ல யாருமே இல்லாதப்பவும் அது கத்துது. நான் ரெண்டு காதாலயும் கேட்டேன். சொன்னா, சின்னவனுக்கு வக்காலத்து வாங்கறேன்னு என்னை ஏசுறாங்க."

"நீங்க உள்ளே போய்ப் பாத்தீங்களா?"

"போனேன். மேசையைத் துடைச்சேன். நின்னு போச்சு."

மாடியிலிருந்து வரவழைக்கப்பட்ட கொழுந்தன் வேலை தேடிக்கொண்டிருப்பவர். தற்சமயம் கோபத்தில் இருப்பவர். "நான் விளையாடறப்போ அது மூச்சே விடறதில்லை சார். அண்ணி படிச்சாத்தான் கத்துது. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"பாத்தீங்களா மாப்பிள்ளை? இவர் இருக்கறப்போ மட்டும் சத்தம் இல்லையாம்!" மாமனார் கண்ணை உருட்டினார். "டிக்கெட் இல்லாதவன் எல்லாம் இப்படித்தான் நிமிர்ந்து பேசுவான்."

"அண்ணி, இந்தப் பெரியவர் யாரு?" என்று கேட்டார் கொழுந்தன். நேற்றிலிருந்து அண்ணியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. கேட்டபிறகுதான் பேசக் கூடாது என்பது நினைவுக்கு வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டுக்காகக் குரல்காரம்மாவின் கணவர் வந்தார். மருந்துக்கடையில் வேலை. அதிர்ந்து பேசாதவர். விஷயத்தைக் கேட்டதும் மனைவியைப் பார்த்து, "எது போனாலும் உன் பதிவு எதுவும் தொலையாது. அதுக்கு மட்டும் கவலைப்படாதே" என்றார்.

நிதானம் அவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு எல்லோரையும் அறைக்குள் வரச் சொன்னார்.

*

"இப்ப இந்தப் பெட்டிக்குள்ளே என்னென்ன ஓடுதுன்னு காட்டுற பட்டியல் இது" என்று நிதானம் திரையைக் காட்டினார். "யாரு எவ்வளவு பிராசஸரைச் சாப்பிடுறாங்கன்னு பக்கத்துல எழுதியிருக்கும். அதிகமாச் சாப்பிடுறவர் மேலே வருவார்."

மாமனார் பட்டியலைப் பார்த்து மலைத்துப்போனார். "இவ்வளவு பேரா? ரிசர்வேஷன் இல்லாத பெட்டி மாதிரில்ல இருக்கு!"

"நிறைய பேர் இருக்கறது தப்பில்லை மாமா. எல்லாரும் தூங்கிட்டுத்தான் இருக்காங்க. இப்ப நாம எதையும் தொடாம உக்காரப் போறோம். அவ்வளவுதான் விசாரணை."

"உக்காந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"உக்காந்தாத்தான் கண்டுபிடிக்க முடியும்."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். போர்வை தொங்கும் அந்தச் சின்ன அறையில் ஆறு பேர் கையைக் கட்டிக்கொண்டு ஒரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் மட்டும் சத்தமில்லாமல் பட்டாணி உரித்தார். சில நிமிடங்கள் போயின. மாமனாருக்கு முதலில் மூக்கு அரித்தது, பிறகு முழங்கால். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

திடீரென்று மேசைக்கடியில் ஓர் உறுமல் கேட்டது. ஃபேன் வேகம் பிடித்தது. பட்டியலின் அடியிலிருந்து ஏதோ ஒரு பெயர் விறுவிறுவென்று மேலே ஏறியது.

"பிடிச்சுட்டேன்!" என்று மாமனார் பாய்ந்து மவுஸைப் பற்றினார்.

உறுமல் அடங்கியது. அந்தப் பெயர் மற்றவற்றுக்கு நடுவே இறங்கிக் காணாமல் போனது. மாமனார் கையில் மவுஸ் மட்டும் இருந்தது.

"மாமா" என்றார் நிதானம். மாப்பிள்ளை மாமனாரிடம் காட்டக்கூடிய அதிகபட்சக் கோபம் அந்த ஒரு சொல்லில் இருந்தது. "வண்டியில நீங்க வர்றதைப் பாத்ததும் டிக்கெட் இல்லாதவன் என்ன பண்ணுவான்?"

"கழிப்பறைக்குள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குவான். நான் அடுத்த பெட்டிக்குப் போனதும் வெளியே வருவான்." மாமனார் வாயைப் பிளந்தார். "அட! அதான் ரிப்பேர்காரர் கண்ணுல படலையா?"

"அதேதான். மறுபடி உக்காருவோம். தயவுசெஞ்சு கையை உங்க தொடைக்கடியில வெச்சுக்குங்க."

இரண்டாம் தடவை உறுமல் வந்தபோது யாரும் அசையவில்லை. பட்டியலின் உச்சியில் அந்தப் பெயர் நின்றது: பத்திரப்பெட்டி.

"கொழுந்தனை முதல்லயே விட்டுடலாம்" என்று நிதானம் தொடங்கினார். "அவர் விளையாடறப்போ சத்தம் வரலைன்னார். அது உண்மை. சீட்டு ஆடறவர் கை மவுஸை விடாது. பெரியம்மா சொன்னதும் உண்மை. யாரும் இல்லாதப்போ கத்தியிருக்கு. மேசையைத் துடைச்சப்போ துணி மவுஸைத் தள்ளியிருக்கும், நின்னுடுச்சு. ஜலதோஷத்துல ஒவ்வொரு தும்மலுக்கும் மவுஸைத் தொட்டிருக்கீங்க, அந்த அத்தியாயம் சுத்தமா வந்துச்சு. தப்பில்லாம படிச்ச நாள்ல கை மடியில. அப்பதான் இது எழுந்து வேலை பாக்குது. யாரும் தொடாத நேரமாப் பாத்துத்தான் வேலை செய்யணும்னு இதுக்கு யாரோ சொல்லி வெச்சிருக்காங்க. பதிவுகளை நகலெடுத்து வைக்கிற புரோகிராம் இது. எதுவும் தொலையாதுன்னு இந்த வீட்டுல அடிச்சுச் சொன்னது ஒரே ஒருத்தர்தான்."

எல்லோரும் கணவரைப் பார்த்தார்கள். அவர் காது நுனி சிவந்துவிட்டது.

"போன வருஷம் ஒரு அத்தியாயம் முழுசா அழிஞ்சு போச்சு" என்றார் கணவர் மெதுவாக. "அன்னிக்கு இவ சாப்பிடவே இல்லை. இனிமே அப்படி ஆகக் கூடாதுன்னு இதைப் போட்டேன். இவ வேலைக்கு இடைஞ்சல் வரக் கூடாதுன்னு 'கணினி சும்மா இருக்கும்போது மட்டும்'னு வெச்சேன். கத்துறது இதுதான்னு சத்தியமா எனக்குத் தெரியாது. கிடக்கிறதே தெரியாம கிடக்குதுன்னுதான் நினைச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என்றார் குரல்காரம்மா.

"சொன்னா 'உங்களுக்கு என்ன தெரியும், அதைத் தொடாதீங்க'ன்னு சொல்லுவே."

குரல்காரம்மா தண்ணீர்ச் செம்பை எடுத்து ஒரு மடக்கு குடித்தார். அப்படித்தான் சொல்லியிருப்பார்.

"இன்னொரு தப்பும் இருக்கு" என்றார் நிதானம். "நகலை மூட்டை கட்டி, பதிவு இருக்கிற அதே இடத்துல வெச்சிருக்கீங்க. அடுத்த தடவை அது வந்து, 'அட, புதுசா ஒரு மூட்டை இருக்கே'ன்னு அதையும் சேத்து மூட்டை கட்டும். அப்புறம் அந்த மூட்டைக்கு ஒரு மூட்டை. வேலை முடியவே முடியாது. அதான் இவ்வளவு மூச்சு வாங்குது."

"நான் படிச்சு வேலை பாக்கறேன்னு அதுக்குத் தெரியாதா சார்?" என்று கேட்டார் குரல்காரம்மா. "மைக்ல பேசிக்கிட்டேதானே இருக்கேன்!"

நிதானம் கொஞ்சம் யோசித்தார். நல்ல பதில் என்றால் அவர் அவசரப்பட மாட்டார்.

"இந்த புரோகிராம் கண்ணுக்குக் கை அசைஞ்சாத்தாம்மா அது வேலை. வாய் அசையறதை அது கணக்குல எடுத்துக்கலை. கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க, அதனால நீங்க சும்மா இருக்கீங்கன்னு நினைச்சிடுச்சு. அதை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனமில்லை. இந்த வீட்டுல அப்படி நினைச்சது அது மட்டும் இல்லையே."

மாமியார் பட்டாணி உரிப்பதை நிறுத்தியிருந்தார்.

நிதானம் நகல்கள் போய்ச் சேர வேண்டிய இடத்தை வெளியே ஒரு தனி டிஸ்குக்கு மாற்றினார். 'சும்மா இருக்கும்போது' என்பதை எடுத்துவிட்டு, குரல்காரம்மா தானே பொத்தானை அழுத்தினால்தான் நகலெடுக்கும்படி வைத்தார். குரல்காரம்மா கொழுந்தனிடம் போய், "நேத்து பேசினது தப்புப்பா. மன்னிச்சுடு" என்றார். "பரவாயில்லை அண்ணி, ஆனா இன்னிக்கு எனக்கு ரெண்டு தட்டு சோறு வேணும்" என்றார் அவர்.

"நான் பாயாம இருந்திருந்தா அது ஒளியுதுன்னே தெரிஞ்சிருக்காது" என்று மாமனார் எல்லோரிடமும் விளக்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அதை மறுக்கவில்லை. அதில் உண்மையும் இருந்தது.

பிறகு குரல்காரம்மா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கடைசி அத்தியாயத்தைத் தொடங்கினார். கைகள் மடியில். கூடத்தில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கதவுக்குப் பின்னால் கதாநாயகி அழுதாள், ஆறுதலடைந்தாள், ஊரை விட்டுக் கிளம்பினாள். மேசைக்கடியில் கணினி வாயைத் திறக்கவில்லை. கணவர் சாப்பிடாமலேயே உட்கார்ந்து கேட்டார்.

நடுவில் வாசலில் பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து எட்டிப் பார்த்தார். "மருமக என்ன பண்றா? சும்மாதானே இருக்கா, ஒரு நிமிஷம் கூப்பிடேன், கடைக்குப் போயிட்டு வந்துடலாம்."

மாமியார் எழுந்து போய் வாசல் கதவைப் பாதி சாத்தினார்.

"அப்புறம் வா" என்றார் தணிந்த குரலில். "அவ வேலையா இருக்கா."